உங்களுக்குத் தெரியுமா? டெல்லியில் ஆட்சி மாறினால் கல்வராயன் மலையில் என்ன மாறும்?

டெல்லியில் ஒவ்வொரு புதிய ஆட்சியும் தன் முன்னுரிமைகளோடுதான் வருகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 87ஆவது பிரிவுப்படி, பொதுத் தேர்தல் முடிந்ததும் இரு அவைகளையும் கூட்டி குடியரசுத் தலைவர் ஆற்றும் உரையில் அந்த முன்னுரிமைகள் அறிவிக்கப்படும். அந்த உரையின் மீது கள்ளக்குறிச்சி எம்.பி. பேசலாம். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், ரிஷிவந்தியம், உளுந்தூர்பேட்டை எம்.எல்.ஏ.க்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் அந்த உரையில் சொன்ன திட்டம் கல்வராயனிலுள்ள வெள்ளிமலைக்கு வந்ததா, வரவில்லையா என்று மக்கள் போய்க் கேட்பது எம்.எல்.ஏ.வைத்தான். அவர் கையில் உண்மையில் என்ன இருக்கிறது? இந்த வாரத் துணுக்குகள் அதைப் பற்றி.

★

குடியரசுத் தலைவர் தேர்தலில் தமிழக எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்குக்கு மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208. அதற்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடும் ஜார்க்கண்டும் சமமாக நிற்கின்றன. கணக்கு எளிது. 1971 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள் 4,11,99,168 பேர். அதை 234 தொகுதிகளால் வகுத்து, வரும் எண்ணை ஆயிரத்தால் வகுத்தால் 176 வரும். 234 பேரின் மதிப்பையும் கூட்டினால் 41,184. மக்கள்தொகை அரை நூற்றாண்டில் எவ்வளவோ வளர்ந்தும், குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னே போன மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாது என்பதால் இந்த எண் 1971லேயே நிற்கிறது. 2026க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை இதே கணக்குதான்.

★

2022 ஜூலை 18 அன்று நடந்த தேர்தலில் திரௌபதி முர்மு வென்று, நாட்டின் முதல் பழங்குடிக் குடியரசுத் தலைவர் ஆனார். அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. அவரை ஆதரித்தது. தி.மு.க. யஷ்வந்த் சின்காவை ஆதரித்தது. கள்ளக்குறிச்சி தொகுதி அப்போது அ.தி.மு.க. கையில் இருந்தது. மலையைத் தன்னுள் வைத்திருக்கும் சங்கராபுரம் தி.மு.க. கையில். அடிவாரத்துத் தொகுதியின் கட்சி பழங்குடி வேட்பாளர் பக்கம், பழங்குடிகள் வாழும் மலைத் தொகுதியின் கட்சி எதிர்ப்பக்கம்! இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. அந்தத் தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு கிடையாது, வாக்கும் ரகசியம். எனினும் மலைக்காரர்கள் அந்த வாக்கைப் பற்றி யாரிடம் என்ன சொன்னார்கள், அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

★

கல்வராயன் மலை மக்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1996இல்தான் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. 1952 முதல் நாடெங்கும் பொதுத் தேர்தல் நடக்கிறது. 176 என்ற எண்ணுக்கு அடிப்படையான 1971 கணக்கெடுப்பில் ஒரு குடிமகனும் விடுபடக் கூடாது என்பது விதி. ஓர் எம்.எல்.ஏ.வின் வாக்கு மதிப்பை உயர்த்தும் தலைக்கணக்கில் இடம் உண்டு, அந்த எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் பட்டியலில் இடம் இல்லை என்றால் அது என்ன குடியாட்சி? சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்புவரை இப்படி இருந்தது என்பதை நம் பாடப் புத்தகங்கள் சொல்ல வேண்டும்.

★

அதற்கெல்லாம் முன் மலையை ஆண்டவர்கள் யார்? சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார் குடும்பங்கள். கிருஷ்ணதேவராயர் காலத்துக் கொடை என்று மலையில் சொல்வார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியில் எழுதப்பட்ட தென்னார்க்காடு மாவட்ட விவரநூலிலும் இந்த மூன்று பெயர்கள் உண்டு. வரி வாங்கியதும் வழக்குத் தீர்த்ததும் அவர்கள்தான்.

1976 ஜூன் 25 அன்றுதான் மலை முழுமையாக அரசு நிர்வாகத்தின் கீழ் வந்தது என்பது உயர் நீதிமன்றத்தில் வைக்கப்பட்ட விவரம். இந்தத் தேதியைச் சற்று உற்றுப் பாருங்கள். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு அன்றோடு சரியாக ஓராண்டு. இந்திரா காந்தி 1975 ஜூலை முதல் தேதி அறிவித்த இருபது அம்சத் திட்டத்தில் கொத்தடிமை ஒழிப்பும் நில உச்சவரம்பும் முன்னுரிமைகளாக இருந்தன. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1975 அக்டோபர் 25 முதல் செல்லுபடியானது. ஆக, மலைக்கு வந்தது டெல்லியின் முன்னுரிமை.

அப்போது சென்னையில் அதற்குப் பதில் சொல்ல ஒரு சட்டமன்ற உறுப்பினர்கூட இல்லை. 1976 ஜனவரி 31 அன்று மு.கருணாநிதியின் அரசு கலைக்கப்பட்டு, தமிழகம் முதல்முறையாகக் குடியரசுத் தலைவர் ஆட்சியின் கீழ் வந்திருந்தது. பி.கே.தவே, ஆர்.வி.சுப்பிரமணியம் என்ற இரு ஆலோசகர்கள் நிர்வாகத்தைக் கவனித்தார்கள். ஆளுநராக மோகன்லால் சுகாதியா பொறுப்பேற்றது அதே ஜூன் மாதத்தில்தான். மலை மக்களின் வாழ்வைப் புரட்டிப் போட்ட அந்த மாற்றத்தை எந்தச் சட்டமன்றமும் விவாதிக்கவில்லை. ஜாகீர் ஒழிந்தது நல்ல காரியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் நிலம் யார் பெயருக்குப் போக வேண்டும், காடு யாருக்கு, உழுதவனுக்குப் பட்டா உண்டா என்ற கேள்விகளை எழுப்ப அவையில் ஆள் இல்லாமல் போனதன் விலையை மலை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

★

தமிழகத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி நான்கு முறை நடந்திருக்கிறது: 1976, 1980, 1988, 1991. இவற்றில் 1980 தனி வகை. அந்த ஆண்டு ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானார். பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். அரசு உட்பட ஒன்பது மாநில அரசுகள் ஒரே நாளில் கலைக்கப்பட்டன. அதற்கு முன் 1977இல் ஜனதா அரசு வந்தபோதும் ஒன்பது மாநிலச் சட்டமன்றங்கள் கலைக்கப்பட்டன. புதிய ஆட்சியின் முதல் முன்னுரிமையே எம்.எல்.ஏ.க்களை வீட்டுக்கு அனுப்புவது என்றிருந்த காலம் அது. 1994 மார்ச் 11 அன்று எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அளித்த தீர்ப்புதான் அதற்குக் கடிவாளம் போட்டது. பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதை அவைக்குள்தான் சோதிக்க வேண்டும் என்றது அத்தீர்ப்பு.

★

ரிஷிவந்தியம் தொகுதி ஒரு காலத்தில் தமிழகச் சட்டமன்றத்துக்கு எதிர்க்கட்சித் தலைவரையே தந்தது. 2011இல் அங்கே வென்ற விஜயகாந்த்தான் அவர். 2014 மக்களவைத் தேர்தலில் அவருடைய தே.மு.தி.க. பா.ஜ.க. அணியில் நின்றது. டெல்லியில் அந்த அணி ஆட்சிக்கு வந்தது. ஆனால் தே.மு.தி.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியை அ.தி.மு.க. வென்றது.

★

கல்வராயனில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் எப்படி இருக்கிறார்கள் தெரியுமா? கேரளத்தவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தமிழ்க் குடிகள். 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடிகள் 7.94 லட்சம் பேர். அவர்களில் மிகப் பெரிய பிரிவு இவர்கள்தான். பட்டியலில் இவர்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நிபந்தனை உண்டு. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழ்ந்தால் மட்டுமே பழங்குடி. கள்ளக்குறிச்சி பழைய தென்னார்க்காட்டில் இருந்ததால் கல்வராயன் தப்பித்தது. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலையில் இருக்கும் அதே மக்கள் இன்றுவரை சான்றிதழுக்காகப் போராடுகிறார்கள்.

இந்த நிபந்தனையை நீக்கச் சட்டமன்றத்தால் முடியாது. அரசமைப்பின் 342ஆவது பிரிவுப்படி, பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்க்கவோ எடுக்கவோ நாடாளுமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம். மாநிலம் பரிந்துரைக்கலாம், விடாமல் நச்சரிக்கலாம். நச்சரித்துப் பலன் கண்டவர்களும் உண்டு. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைச் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பல பத்தாண்டுக் கோரிக்கை அது.

★

பழங்குடிகளுக்கான இந்தியாவின் மிக வலுவான பாதுகாப்பு, அரசமைப்பின் ஐந்தாவது அட்டவணை. அதில் வரும் பகுதிகளின் நிர்வாகம் பற்றி ஆளுநர் ஆண்டுதோறும் குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர வேண்டும். கிராம சபைக்கு நிலம், நீர், சிறு வனப்பொருள் மீது உரிமை தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் அந்தப் பகுதிகளுக்குத்தான். ஆந்திரம், தெலங்கானா, ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், இமாச்சலம் என்று பத்து மாநிலங்களில் அட்டவணைப் பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் அங்குலம்கூட இல்லை. கல்வராயன், ஜவ்வாது, கொல்லி, ஏற்காடு, நீலகிரி எதுவுமே இல்லை. எந்தப் பகுதியைச் சேர்ப்பது என்று அறிவிப்பவர் குடியரசுத் தலைவர். டெல்லியில் எத்தனையோ ஆட்சிகள் வந்து போய்விட்டன. இந்தக் கேள்வி எந்த ஆட்சிக்கும் முன்னுரிமையாகவில்லை. நம் சட்டமன்றமும் இதைப் போதிய அளவு அழுத்தவில்லை என்பதே என் எண்ணம்.

அட்டவணைப் பகுதி இல்லாவிட்டாலும் தமிழகத்தில் பழங்குடியினர் ஆலோசனைக் குழு உண்டு. அட்டவணையின் கணக்குப்படி அத்தகைய குழுவில் அதிகபட்சம் 20 பேர், அவர்களில் முக்கால் பங்கு பழங்குடி எம்.எல்.ஏ.க்களாக இருக்க வேண்டும். தமிழகத்தில் பழங்குடிகளுக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதிகளோ இரண்டே இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். மலையின் சேலம் பக்கத்தார் ஏற்காடு தனித் தொகுதியில் வாக்களிக்கிறார்கள். கள்ளக்குறிச்சி பக்கத்தார் பொதுத் தொகுதியான சங்கராபுரத்தில். ஒரே மலை, ஒரே சனம், இரண்டு விதப் பிரதிநிதித்துவம்.

★

2023 நவம்பர் 15 அன்று பிரதமர் ஜார்க்கண்டில் தொடங்கிவைத்த பி.எம்.ஜன்மன் திட்டத்துக்கு ஒதுக்கீடு 24,104 கோடி ரூபாய். வீடு, சாலை, குடிநீர், கைபேசிக் கோபுரம் என்று எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது 'மிகவும் நலிவுற்ற பழங்குடிகள்' என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு மட்டும். தமிழகத்தில் அந்த வகையில் ஆறு சமூகங்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். மலையாளிகள் இல்லை. ஆகவே மழை பெய்தால் சறுக்கும் மண்பாதையில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் கல்வராயன் குக்கிராமத்துக்கு அந்தத் திட்டத்தின் சாலை வராது.

அடுத்த ஆண்டு, 2024 அக்டோபர் 2 அன்று, 'தர்தி ஆபா' என்ற பெயரில் இன்னொரு திட்டம் வந்தது. 79,156 கோடி, சுமார் 63,000 கிராமங்கள். இதில் நலிவுற்ற பிரிவு என்ற வரம்பு இல்லை. 500 பேருக்கு மேல் வசிக்கும் கிராமத்தில் பாதிப் பேராவது பழங்குடிகளாக இருந்தால் போதும். இங்கேதான் எம்.எல்.ஏ.வின் வேலை தொடங்குகிறது. கல்வராயனில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. பத்து வீடு இங்கே, இருபது வீடு அங்கே. வருவாய் கிராமத்தின் கணக்கா, குக்கிராமத்தின் கணக்கா என்பதைப் பொறுத்து ஒரு சாலை கிடைக்கும் அல்லது கை நழுவும். பட்டியல் தயாராகும்போதே ஆட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகச் சரிபார்க்கும் எம்.எல்.ஏ., மேடையில் ஆயிரம் கண்டனம் சொல்பவரைவிட அதிகம் சாதிப்பார்.

★

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க. உறுப்பினர்கள் கறுப்புச் சட்டையில் வந்தார்கள். ஜூன் 26 அன்று கூட்டத்தொடர் முழுவதற்கும் நீக்கிவைக்கப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து, ஜூன் 29இல், மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகளைக் கூட்டும் திருத்தம் நிறைவேறியது. பறிகொடுத்த மாவட்டத்தின் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. அந்த மசோதாவின் மீது பேச அவையில் இல்லை. இது என் மனதை உறுத்துகிறது.

அந்தச் சாவுகளின் தொடர்ச்சியாகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்பிரமணியம், சி.குமரப்பன் அமர்வு கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பேருந்து, மருத்துவம், பள்ளி என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. முதல்வரோ அப்போது அமைச்சராக இருந்த உதயநிதியோ மலைக்கு நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது. மேலே சொன்ன 1976, 1996 விவரங்கள் பலர் காதுக்கு எட்டியதே இந்த வழக்கால்தான்.

★

நூறு நாள் வேலைத் திட்டத்தின் இடத்தில் வைக்க 125 நாள் வாக்குறுதியோடு புதிய சட்டத்தை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நிறைவேற்றியது. டிசம்பர் 21 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். நாள் கூடியிருக்கிறது, சரி. பணம் யார் தருவது? பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலி முழுவதும் மத்திய அரசுடையது. புதியதில் 60க்கு 40. தமிழகத்தின் 2025-26 தினக்கூலியான 336 ரூபாயை வைத்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு நாளும் 134 ரூபாய் 40 காசு மாநிலத்தின் பொறுப்பாகிறது. விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வேலையை நிறுத்திவைக்கவும் புதிய சட்டம் வழி செய்கிறது.

சமவெளியில் கரும்பும் நெல்லும் வெட்டும் நாளில் கூலி ஆள் வேண்டும் என்ற வாதம் புரிகிறது. மலையில் மரவள்ளியும் சாமையும் மானாவாரியாகப் போடும் குடும்பத்துக்கு அந்த 60 நாள் எந்த மாதத்தில் வரும்? அறிவிக்க வேண்டியது மாநில அரசு. மாவட்டத்துக்கு ஒன்று, வட்டாரத்துக்கு ஒன்று என்று காலத்தைப் பிரித்து அறிவிக்க முடியும். மலைக்கு வேறு மாதம் வேண்டும் என்று கேட்க வேண்டியவர் சங்கராபுரம் எம்.எல்.ஏ. இதற்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை.

★

மும்மொழிக் கொள்கையைக் கொண்டுவரும் என்று எதிர்த்து, பி.எம். ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தில் தமிழகத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாய் 2024-25இல் நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் தமிழக அரசு உச்ச நீதிமன்றம் போனது. இந்த மோதலின் வேர் 1968 ஜனவரி 23இல் இருக்கிறது. அன்று சி.என்.அண்ணாதுரை முதல்வராக இருந்தபோது, இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தைச் சட்டமன்றம் நிறைவேற்றியது. கொள்கையில் சட்டமன்றம் உறுதியாக நிற்கட்டும். அதே நேரம் அந்த நிதியில் நடக்கும் உண்டு உறைவிடப் பள்ளிகளில் மலைப் பிள்ளைகள் சாப்பிட்டுப் படிக்கிறார்கள் என்பதையும் இரு அரசுகளும் நினைக்க வேண்டும். பள்ளி நின்றால் அவர்களுக்கு அடுத்த வழி வெளியூர்க் கூலி வேலைதான்.

★

சட்டமன்றத் தீர்மானம் மத்திய அரசைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது. மசோதாகூடச் சில நேரம் நிற்பதில்லை. நீட் விலக்கு மசோதாவை 2021 செப்டம்பரில் நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பியதும் 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்துவிட்டார் என்று 2025 ஏப்ரல் 4 அன்று அப்போதைய முதல்வர் அவையில் அறிவித்தார்.

தீர்மானம் பலித்த கதையும் உண்டு. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க உரிமத்தை 2024 நவம்பரில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் ஏலத்தில் எடுத்தது. ஊர் ஊராகக் கிராம சபைகள் எதிர்த்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மேலூரிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கான மக்கள் நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானத்துக்குப் பின்னால் ஊர் நின்றதால் நடந்த காரியம் இது.

★

கடல் தாண்டினால், நம் தலைப்புக்கு மிக நெருக்கமான சம்பவம் யாழ்ப்பாணத்தில் நடந்திருக்கிறது. 2015 ஜனவரி 9 அன்று மைத்திரிபால சிறிசேன இலங்கையின் ஜனாதிபதியானார். நூறு நாள் வேலைத்திட்டம், நல்லாட்சி என்பவை அவருடைய முன்னுரிமைகள். வடக்கு மாகாணத்துக்கு முன்னாள் இராணுவ அதிகாரி ஜி.ஏ.சந்திரசிறிக்குப் பதிலாக எச்.எம்.ஜி.எஸ்.பளிஹக்காரவை ஆளுநராக அனுப்பினார். தமிழர் வாக்குகளும் சேர்ந்து வென்ற ஜனாதிபதி, ஆகவே வடக்கு மாகாண சபை பொறுமை காக்கும் என்று கொழும்பில் பலர் எதிர்பார்த்தார்கள். ஆட்சி மாறி ஒரு மாதம் கழிந்தவுடனேயே, பிப்ரவரி 10 அன்று, முதலமைச்சர் சி.வி.விக்னேஸ்வரன் முன்வைத்த இனப்படுகொலைத் தீர்மானத்தைச் சபை ஏகமனதாக நிறைவேற்றியது. 38 பேர் கொண்ட அந்தச் சபையில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 30 இடங்கள். நிதிக்கும் காணிக்கும் காவல்துறைக்கும் கொழும்பையே பார்த்திருந்த ஒரு சபை, தன் மக்களின் துயரத்தைப் பதிவேட்டில் ஏற்றியது. 2018 அக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடத்தப்படாமலே ஆண்டுகள் ஓடின.

★

அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் சேர்த்து 7,386 சட்டமன்ற உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் வர்ஜீனியா மாநில செனட்டர் கண்ணன் சீனிவாசன். 2025 ஜனவரி 7 இடைத்தேர்தலில் அவர் வென்ற பதின்மூன்றாம் நாள் டொனால்டு டிரம்ப் இரண்டாம் முறை பதவியேற்றார். புதிய ஆட்சி மத்திய அரசு ஊழியர்களைக் குறைக்கத் தொடங்கியதும், அவர்கள் பெருமளவில் குடியிருக்கும் வர்ஜீனியாவில் கீழவை ஓர் அவசரக் குழுவை அமைத்தது. எத்தனை வேலை போகும், எவ்வளவு நிதி நிற்கும், மாநிலம் என்ன செய்யலாம் என்று கணக்கெடுப்பதே அந்தக் குழுவின் வேலை. நம் சட்டமன்றத்திலும் இப்படிக் கட்சி கலந்த ஒரு குழு இருந்தால், மத்திய அரசின் ஒவ்வொரு புதுத் திட்டமும் ஒவ்வொரு மாவட்டத்தில் என்ன செய்யும் என்பது எண்ணிக்கையோடு மக்கள் முன் வந்திருக்கும்.

★

அந்த வாஷிங்டன் ஆட்சியின் முன்னுரிமை உளுந்தூர்பேட்டை வரை வந்தது! தைவானின் பௌ சென் குழுமம் உளுந்தூர்பேட்டை சிப்காட்டில் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டது. 20,000 பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. நைக்கி, அடிடாஸ் போன்ற பெரிய பெயர்களுக்குக் காலணி செய்து தரும் குழுமம் அது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, திருப்பூர் ஆயத்த ஆடையோடு தோல், காலணித் தொழிலும் கலங்கியது. அதன்பின் அந்த விகிதம் மாறிவிட்டது. ஆனால் கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பெண்ணின் மாதச் சம்பளத்தில் வெள்ளை மாளிகைக்கும் ஒரு கை உண்டு என்பது உறைத்துவிட்டது.

★

கடைசியாக, மலைக்காரர் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரு சட்டப் பிரிவு. 2006 வன உரிமைச் சட்டம் 2007 டிசம்பர் 31 அன்று நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் 2008இல் வந்த ஓர் இடைக்கால நீதிமன்ற ஆணையால் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்து, 2016இல்தான் தடை நீங்கியது. எட்டு ஆண்டு வீண். பிற மாநிலங்களில் லட்சக்கணக்கில் உரிமைப் பட்டா கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்தச் சட்டத்தின் 3(2) பிரிவு பட்டாவைப் பற்றியது அல்ல. பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சாலை உட்பட 13 வகைப் பொதுத் தேவைகளுக்காகக் காட்டு நிலத்தை மாற்றிக் கொடுக்கலாம் என்கிறது அது. ஒவ்வொரு பணிக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாக, அதாவது இரண்டரை ஏக்கருக்குள் இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மற்ற வனத் திட்டங்களைப் போல இதற்கு டெல்லி வரை கோப்பு போக வேண்டியதில்லை. மாவட்ட வன அலுவலர் மட்டத்திலேயே முடிவெடுக்கலாம்.

'வனத்துறை விடமாட்டேன் என்கிறது' என்ற பதிலோடு கல்வராயனில் கிடக்கும் சாலைகளில் எத்தனை இந்தப் பிரிவுக்குள் அடங்கும்? ஊர் ஊராக எடுத்துப் பார்க்க வேண்டும். தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தில் பிரிவு எண்ணையும், பாதையின் நீள அகலத்தையும், எத்தனை மரம் போகும் என்பதையும் எழுதுங்கள். ஒரு நகலை மாவட்ட வன அலுவலருக்கும், ஒரு நகலை ஆட்சியருக்கும், ஒரு நகலைச் சங்கராபுரத்துக்கோ ஏற்காட்டுக்கோ, உங்கள் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கும் கொடுங்கள். பாதை போடப் பணம் இல்லை என்று சொன்னால் நினைவூட்டுங்கள்: எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய்.